ஞாயித்துக்கிழமை வாங்குற காய் வியாழன் வரைக்கும் கூட தாங்க மாட்டேங்குது, நீங்கள்லாம் எப்படி வைக்கிறீங்க?

கேட்டவர்: அண்ணாநகர்க்காரி

வணக்கம். நாங்க இருக்கிறது மதுரை அண்ணாநகர். வீட்ல 5 பேரு, நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, மாமியார். உழவர் சந்தை நடந்து போற தூரம்தான், ஆனா ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம் அதனால ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் போயி ஒரு வாரத்துக் காய மொத்தமா வாங்கிட்டு வந்துருவாரு. வந்ததும் நான் உக்காந்து எல்லாத்தையும் உப்புத் தண்ணில கழுவி தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு காத்து போகாம இறுக்கி முடிஞ்சு ஃப்ரிட்ஜ்ல அடுக்குவேன். இதுக்கே ஒன்றரை மணி நேரம் ஆயிரும்.

இவ்வளவு செஞ்சும் செவ்வாய்க்கிழமையே கீரை நாத்தம் அடிக்குது, வெண்டைக்கா பிசுபிசுன்னு ஆகிருது, கத்திரிக்காய அறுத்தா உள்ள கருப்பு, தக்காளி பாக்க நல்லாத்தான் இருக்கு ரசத்துல போட்டா ஒரு ருசியும் இல்ல. மல்லித்தழை மூணு நாள்ல கூழ். பல்லாரி வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளிய ஒரே கூடைல கெடக்கு, கிழங்கெல்லாம் முளை விட்டு நிக்குது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ல இருந்து ஆளுக வந்தாங்க, அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வீட்ல 16 பேரு. அதுக்காக ரெண்டு மடங்கு வாங்கி வச்சோம், அதுல மூணுல ஒரு பங்கு குப்பைக்குப் போச்சு. மாமியார் ஒன்னும் திட்டல. அழுகிப்போன முருங்கைக்காய கைல எடுத்துப் பாத்துட்டு "ஒருத்தன் தண்ணி பாய்ச்சி வெளைய வச்ச பொருளு"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க பொறந்த வீடு தோட்டக்காரங்க வீடு. அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. நான் எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பதில்: மண்டிக் கணக்கு

தங்கச்சி, நான் 22 வருசம் காய்கறி மண்டில கணக்கு எழுதுனவன், முதல்ல கோயில் பக்கத்துல இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட், அப்புறம் மாட்டுத்தாவணி. உங்க தப்பு என்னன்னா, கழுவுறதுதான். வேற பெருசா ஒன்னும் இல்ல.

காயக் கழுவிட்டு அதுவும் ஈரத்தோட கவர்ல போட்டு முடிஞ்சு வச்சா அழுகாம என்ன செய்யும், சொல்லுங்க. மழை நாள்ல நனைஞ்சு வர்ற லோடு எங்களுக்கு வந்துச்சுன்னா அன்னைக்கே கிடைச்ச விலைக்குத் தள்ளி விட்ருவோம், மறுநாள் வச்சா அது சரக்கே இல்ல. கழுவுறத சமைக்கிறதுக்கு முன்னாடி வச்சுக்கங்க. மண்ணு ஒட்டிருக்கா, இருக்கட்டும், கிழங்குக்கு மேல ஒட்டுன மண்ணு அதுக்குப் பாதுகாப்புதான்.

வீட்டுக்கு வந்ததும் பையில இருந்து எல்லாத்தையும் எடுத்து தரைல ஒரு பருத்தித் துணி விரிச்சு ஃபேனுக்கு அடில அரை மணி நேரம் பரத்திப் போடுங்க. சந்தைல கீரைக்கும் காய்க்கும் தண்ணி தெளிச்சு வச்சிருப்பாங்க, அந்த ஈரம் போகணும். அப்பவே அடிபட்டது, ஓட்டை விழுந்தது, சொத்தை எல்லாம் பிரிச்சு அன்னைக்கே சமைச்சிருங்க. ஒரு அழுகல் தக்காளி கூடையில கெடந்தா பக்கத்துல இருக்குற நாலையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்.

பல்லாரியையும் உருளைக்கிழங்கையும் ஒன்னாப் போடவே கூடாது. கிழங்கு உள்ள ஈரத்த வெளிய விடும், அந்த ஈரத்துல வெங்காயம் முளைக்கும், அழுகும். மண்டில கிழங்கு சணல் சாக்குலதான் வரும் பல்லாரி வலைப் பையில வரும், பாத்திருப்பீங்க, அதுக்கு அர்த்தம் இருக்கு. கிழங்குக்கு இருட்டு வேணும், வெங்காயத்துக்குக் காத்து வேணும். கிழங்க சாக்குல போட்டு கட்டிலுக்கு அடில இல்லாட்டி வெயில் படாத மூலைல வைங்க, வெளிச்சம் பட்டா தோல் பச்சையாகும், அந்தப் பச்சை கசக்கும், உடம்புக்கு ஆகாது, பச்சை நிறைய ஏறிருந்தா தூக்கிப் போட்ருங்க. கொஞ்சம்னா ஆழமா செதுக்கி எடுத்துருங்க, முளையையும் சேத்துத்தான்.

இன்னொன்னு, உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்குப் போறாரு? விடியக்காலைல பறிச்ச காய் சூடு ஏறாம இருக்கும். 10 மணிக்கு மேல வெயில்ல காஞ்ச காய வாங்குனா பாதி ஆயுசு சந்தைலயே முடிஞ்சிருச்சு. விலை குறையுமேன்னு மத்தியானம் போய் வாங்குறவங்க அன்னைக்கு ராத்திரிக்கே சமைக்கணும், வச்சுக்க வாங்கக்கூடாது.


பதில்: மனையியல் டீச்சர்

அண்ணன் சொன்னதுல ஒரு வார்த்தை கூட மாத்த வேண்டாம். நான் கத்திரிக்காயும் தக்காளியும் ஏன் அப்படி ஆகுதுன்னு சொல்றேன், காரணம் புரிஞ்சா மத்ததுக்கு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

காய் பறிச்ச பிறகும் உயிரோடதான் இருக்கு, மூச்சு விடுது. சூடு 10 டிகிரி ஏறுனா அந்த மூச்சு ரெண்டு மூணு மடங்கு வேகமாகும், சேமிச்சு வச்ச சத்து, இனிப்பு, தண்ணி எல்லாம் அதுல செலவாகும். நம்ம ஊர்ல சித்திரை வைகாசில வெளிய 40 டிகிரி, அடுப்படில இன்னும் மோசம். அதனாலதான் குளிர்ச்சி தேவைப்படுது. ஆனா ஃப்ரிட்ஜ் உள்ள 4 டிகிரி பக்கம் இருக்கும், அது எல்லாக் காய்க்கும் ஒத்துக்காது. கேரட், கோஸ், பீட்ரூட், காலிஃபிளவர் இதெல்லாம் மலைக்காய், குளிர் தாங்கும். கத்திரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, வாழை, மாங்காய் இதெல்லாம் வெப்பமான பூமில வெளையுறது, இதுகளுக்கு குளிர் ஒரு அடி மாதிரி. நீங்க சொன்ன கத்திரிக்காய் உள்ள கருத்தது பெரும்பாலும் அந்தக் குளிர் அடிதான். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழ போனாலே தோல் கருக்க ஆரம்பிக்கும். தக்காளிக்கு 10, 12 டிகிரிக்குக் கீழ வாசனை தர்ற பொருளு உண்டாகுறது நின்னு போயிரும், அதான் உங்க ரசம் சப்புன்னு இருக்கு.

அப்ப தக்காளிய என்ன செய்யலாம்னா, செங்காயா வாங்கி ஒரு தட்டுல காம்பு இருந்த பக்கம் கீழ படுற மாதிரி ஒத்தை அடுக்கா வைங்க, ஒன்னு மேல ஒன்னு வேண்டாம். முழுசா பழுத்ததுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவுல வைக்கலாம், சமைக்க ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்துருங்க. கத்திரி, வெண்டைய ஈரம் இல்லாம துணிப்பையில போட்டு மேல் தட்டுல முன்பக்கமா வைங்க, பின்பக்கம் குளிர் அதிகம், 3 நாளுக்குள்ள முடிச்சிருங்க. குளிர் ஆகாதுன்னு சொல்லிட்டு இப்ப ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொல்றேனேன்னு நினைக்காதீங்க, 40 டிகிரி வெயில்ல வெளிய கெடந்து வாடுறதுக்கு ரெண்டு நாள் குளிர் பரவாயில்ல. ஐப்பசி கார்த்திகைல இதே கத்திரிக்காய வெளியவே வச்சுக்கலாம்.

உருளைக்கிழங்க ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, உள்ள இருக்குற மாவு சர்க்கரையா மாறும், வறுத்தா சீக்கிரம் கருகும், இனிக்கும்.

அடுத்தது பழம். வாழைப்பழம், பழுத்த மாம்பழம், பப்பாளி, கொய்யா, ஆப்பிள், தக்காளி இதுக எல்லாம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயுவ வெளிய விடும், நமக்கு மணமும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. அது பக்கத்துல இருக்குற கீரைய மஞ்சளாக்கும், வெள்ளரிய பழுக்க வைக்கும், கேரட்ட கசக்க வைக்கும். ஆப்பிள் கவரையும் மல்லித்தழையையும் ஒரே டிராயர்ல வச்சிருந்தீங்கன்னா உங்க தழை கூழானதுக்கு அதுவும் ஒரு காரணம். பழத்துக்குத் தனி இடம், தழைக்குத் தனி டப்பா.

ஒன்னு மட்டும் கண்டிப்பா. அறுத்த பழம், அறுத்த தர்பூசணி, நறுக்குன காய் எதுவா இருந்தாலும் மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, இந்த வெயில்ல வெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, பிள்ளைங்க வயிறு.


பதில்: உசிலம்பட்டிப் பேத்தி

அக்கா உங்க மாமியார் சொன்னதப் படிச்சதும் எங்க அப்பத்தா ஞாபகம் வந்திருச்சு. அப்பத்தா வீட்ல கரண்டே ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்துச்சு, ஃப்ரிட்ஜ் அவங்க கடைசி வரைக்கும் வாங்கல, ஆனா வீட்ல காய் அழுகி நான் பாத்ததே இல்ல.

சின்ன வெங்காயம் எங்க பக்கம், திண்டுக்கல் பக்கம் எல்லாம் பட்டறை போட்டு வைப்பாங்க. தரைல இருந்து ஒசத்தி கம்பு அடுக்கி மேல வெங்காயத்தப் போட்டு கீத்து வச்சு மூடுவாங்க, அடில காத்து ஓடும். வீட்ல அத சின்ன அளவுல செய்யலாம். வெங்காயம் வாங்கியாந்ததும் நிழல்ல சொளகுல பரத்தி ரெண்டு நாள் ஒணத்துங்க, தாள் வெங்காயமா இருந்தா தாளோட கட்டித் தொங்க விடுங்க, இல்லாட்டி அடில ஓட்டை இருக்குற மூங்கில் கூடைல போட்டு ஒரு செங்கல் மேல தூக்கி வைங்க. தரைல வச்சா அடி வெங்காயம் வேர்த்துப் போகும். வாரம் ஒருக்கா கைய விட்டுப் பெரட்டி அழுகுனத எடுத்துருங்க. பூண்டும் அப்படித்தான், எந்தப் பூண்டா இருந்தாலும் காத்தாட இருக்கணும், டப்பால அடைச்சா பூசணம் பிடிக்கும்.

பரங்கி, பூசணி, சேனைக்கிழங்கு இதுக அறுக்காம இருந்தா ஃப்ரிட்ஜ் பக்கமே போக வேண்டாம். பூசணிக்காய உறியில தொங்க விட்டிருப்பாங்க அப்பத்தா, தைக்கு வெட்டுனது சித்திரை வரைக்கும் தொங்கும், காம்பு மட்டும் ஒடையக்கூடாது, காம்பு போன பூசணில தண்ணி எறங்கிரும். இஞ்சிய பழைய மண்சட்டில ஆத்து மணலப் போட்டுப் புதைச்சு வைப்பாங்க, லேசா ஈரம் இருக்கணும், சொதசொதன்னு இருந்தா முளைச்சிரும். வேணுங்கிறப்ப ஒடைச்சுக்கிட்டு மிச்சத்தப் புதைச்சிருவாங்க.

முருங்கைக்காய வாங்குன அன்னைக்கே விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈரமில்லாத டப்பால பேப்பர் போட்டு வைங்க, ஒரு வாரம் இருக்கும். முருங்கைக்கீரைய ராத்திரி துணில சுத்தி வச்சுட்டா காலைல ஒதறுனா இலை தானா உதிர்ந்திரும், ஆய்ஞ்சுக்கிட்டு உக்கார வேண்டாம். கேரட்டு முள்ளங்கில தழை இருந்தா வந்த உடனே வெட்டிருங்க, தழை கிழங்குல இருக்குற தண்ணியக் குடிச்சிரும், தழையப் பருப்புல போட்டு வெஞ்சனம் வச்சிரலாம்.

மிஞ்சுனா வத்தல். கொத்தவரங்கா, கத்திரிக்கா, மாங்கா, சுண்டக்கா எதுவும் இந்த வெயிலுக்கு மூணு நாள்ல காஞ்சிரும். 16 பேருக்கு வாங்கி மிஞ்சுன கத்திரிக்காய நீளமா நறுக்கி உப்புத் தண்ணில ஒரு கொதி விட்டு மாடில போட்டிருந்தீங்கன்னா மழைக்காலத்துக்கு வத்தக்கொழம்பு.


அண்ணாநகர்க்காரி:

அண்ணன், டீச்சர், தங்கச்சி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கழுவுறதுதான் சுத்தம்னு நினைச்சு இத்தனை வருசம் ஞாயித்துக்கிழமை முழுக்க முதுகு ஒடிஞ்சிருக்கேன். ஆனா ஒரு பயம், காய்ல மருந்து அடிச்சிருப்பாங்களே அத உடனே கழுவாம ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? அப்புறம் கருவேப்பிலை, மல்லித்தழை, தேங்காய் மூடி, பச்சை மிளகாய் இதெல்லாம் எப்படி? மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காது, அன்னைக்கு என்ன செய்றது?


பதில்: மனையியல் டீச்சர்

மருந்துக்காக வந்த உடனே கழுவணும்னு இல்லம்மா, சமைக்கும் முன்னாடி ஓடுற தண்ணில கையால தேச்சு ரெண்டு மூணு தடவை கழுவுங்க, மேல ஒட்டுனது நிறைய போயிரும். சோப்பு வேண்டவே வேண்டாம். கோஸுக்கு மேல ரெண்டு இலைய உரிச்சிருங்க, ஆனா சமைக்கிற அன்னைக்கு உரிங்க, அதுவரைக்கும் அதுதான் கோஸுக்குப் போர்வை.

மல்லித்தழை: வேர அறுத்துட்டு, மஞ்ச இலைய எடுத்துட்டு, ஈரம் போக ஒணத்தி, பருத்தித் துணில சுத்தி டப்பால வைங்க. துணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்க. 10 நாள் என் வீட்ல இருக்கு. பச்சை மிளகாய்க்கு காம்பக் கிள்ளிட்டு பேப்பர் விரிச்ச டப்பா. கருவேப்பிலைய உருவி நல்லா ஈரம் போனதும் காத்துப் போகாத டப்பா. எல்லாத்துக்கும் ஒரே விதிதான், உள்ள ஈரம் சொட்டக் கூடாது வெளிக் காத்து பட்டு வாடவும் கூடாது, நடுவுல ஒரு துணி.

தேங்காய் உடைச்சதும் கண் இருக்குற மூடிய முதல்ல செலவு பண்ணுங்க, அதுதான் சீக்கிரம் கெடும்.

கரண்ட் போற அன்னைக்கு ஃப்ரிட்ஜ் கதவத் திறக்காதீங்க, மூடியே இருந்தா 4 மணி நேரம் குளிர் நிக்கும். காய் ஒரு நாளைக்கு ஒன்னும் ஆகாது. பால், மாவு, சமைச்சது, அறுத்த பழம் இதுலதான் கவனம். முந்துன நாளே அறிவிப்பு வரும்ல, அன்னைக்கு அதுகள குறைச்சு வச்சுக்கங்க.


பதில்: திருநகர் வாடகை வீடு

எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல, கல்யாணம் ஆகி ஒன்றரை வருசம், அத வாங்குறதுக்குள்ள மத்த செலவு வந்திருது. மானாமதுரைப் பானை ரெண்டு வச்சு சமாளிக்கிறோம், அதச் சொல்லலாம்னு எழுதுறேன். பெரிய பானை ஒன்னு, அதுக்குள்ள ரெண்டு விரக்கடை இடம் விட்டு எறங்குற மாதிரி சின்னப் பானை ஒன்னு, நடுவுல ஆத்து மணலு. காலைலயும் சாயங்காலமும் மணல்ல தண்ணி ஊத்தணும், வாய்ல ஈர சாக்கு போட்டு மூடணும், வெயில் படாம காத்து வர்ற ஜன்னல் பக்கத்துல வைக்கணும். ரெண்டு பானையும் உள்ளயும் வெளியயும் பெயிண்ட் அடிக்காத வெறும் மண் பானையா இருக்கணும், பெயிண்ட் அடிச்சது வேர்க்காது, குளிராது. தண்ணி ஆவியாப் போகும்போது சூட்ட எடுத்துட்டுப் போயிரும், நம்ம குடிக்கிற பானைத் தண்ணி குளிர்ற அதே கணக்கு. டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இதையே செங்கல்ல ரெட்டைச் சுவர் கட்டி நடுவுல மணல் கொட்டி விவசாயிகளுக்குன்னு பெருசா செஞ்சிருக்காங்க, கரண்டே தேவையில்ல.

இதுல அவரைக்கா, பீன்ஸ், கேரட், கத்திரி 4, 5 நாள் நல்லா இருக்கு, கத்திரிக்காய்க்கு ஃப்ரிட்ஜ விட இதுதான் ஒத்துக்குது. வெங்காயம், பூண்டு, கிழங்கு உள்ள போடாதீங்க, ஈரம். மழை மாசத்துல காத்துலயே ஈரம் இருக்கிறதால பானை அவ்வளவா குளிராது. ஃப்ரிட்ஜ் வச்சிருக்கவங்க கூட கத்திரி வெண்டைக்குன்னு ஒன்னு வச்சுக்கலாம், அக்கா வீட்ல பெரியவங்க இருக்காங்க, தண்ணி ஊத்துறத அவங்க பாத்துக்குவாங்க.


பதில்: மண்டிக் கணக்கு

பானை நல்ல யோசனை தம்பி. தங்கச்சிக்கு இன்னொன்னு விட்டுப் போச்சு, எத எந்தக் கிழமை சமைக்கிறதுன்னு ஒரு வரிசை வேணும். பாதி வீட்ல கேரட்டையும் உருளையையும் முதல்ல செஞ்சு தீத்துட்டு கீரைய அப்புறம் பாத்துக்கலாம்னு வைப்பாங்க. தலைகீழ். ஞாயிறு திங்கள் கீரை, வாழைப்பூ, பீர்க்கங்கா, பொடலங்கா. செவ்வாய் புதன் வெண்டை, கத்திரி, கோவக்கா (கோவக்கா விட்டா உள்ள செவந்திரும்). வியாழன் வெள்ளி அவரை, பீன்ஸ், முருங்கை. கடைசிக்கு கேரட், பீட்ரூட், கோஸ், சௌ சௌ, சேனை, பரங்கி. இத அடுப்படில ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிருங்க, வீட்ல யாரு சமைச்சாலும் அதப் பாத்து எடுப்பாங்க.

வாழைப்பழம் சீப்பு வாங்கும்போது ரெண்டு பழம் பழுத்தது, மிச்சம் செங்காய்னு பாத்து வாங்கி ஆணில மாட்டித் தொங்க விடுங்க, தரைல வச்சா அடி நசுங்கும். சிறுமலைப் பழம் கிடைச்சா விடாதீங்க, தோல் கருத்தாலும் உள்ள கெட்டுப் போகாது, தோலப் பாத்து தூக்கிப் போடுறவங்களப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.


அண்ணாநகர்க்காரி (3 வாரம் கழிச்சு):

வந்து சொல்லணும்னு நினைச்சேன். கழுவுறத விட்டுட்டேன், பழைய வேட்டியக் கிழிச்சு 12 பை தச்சோம், தச்சது மாமியார். வீட்டுக்காரர் 6 மணிக்கே சந்தைக்குப் போயிர்றாரு. வரிசை எழுதி ஒட்டியாச்சு. போன வாரம் குப்பைக்குப் போனது அரைக் கட்டு புதினாவும் ஒரு தக்காளியும் மட்டும்தான். மல்லித்தழை 9 நாள் இருந்துச்சு, இஞ்சி மணல்ல இருக்கு. தக்காளிய வெளிய வச்சதுல இருந்து பெரிய பையன் ரசத்த ரெண்டாவது தடவை கேட்டு வாங்குறான்.

கீரைக்கு மட்டும் என்ன செஞ்சாலும் ரெண்டு நாளுக்கு மேல அந்த ருசி இல்ல. மாமியாரே ஒரு வழி சொன்னாங்க, நான் புதன்கிழமை காலைல பக்கத்து வீட்டு அம்மாவோட நடந்து போயி கீரை மட்டும் வாங்கிட்டு வந்துர்றேன்னு. முட்டி வலிக்குமேன்னு நான் யோசிச்சேன், அவங்க மஞ்சப்பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க. இப்ப மாம்பழ சீசன், நத்தத்துல இருந்து ஒருத்தர் மரத்துக் காயா 10 கிலோ தர்றேன்னு சொல்லிருக்காரு, எப்படிப் பழுக்க வைக்கிறது?


பதில்: மண்டிக் கணக்கு

மரத்துக் காய்னா சந்தோசம், கல்லு வச்சுப் பழுக்க வைக்கிற பழத்தோட சேராது. கார்பைடு கல்லு சட்டப்படியே தடை, வீட்ல யாரும் அத வாங்கிறக் கூடாது. காம்பு ஒடையாத காயாப் பாத்து வாங்குங்க, பால் வடிஞ்சிருந்தா துடைச்சிருங்க. அட்டைப் பெட்டில வைக்கோல் பரப்பி காம்பு கீழ பாக்குற மாதிரி ஒத்தை அடுக்கு, மேல வைக்கோல், மூடி சும்மா சாத்துங்க. 4 நாள் கழிச்சு தினம் ஒருக்கா மோந்து பாருங்க, வாசம் வந்தத மட்டும் எடுங்க, அமுக்கிப் பாக்காதீங்க, கை பட்ட இடம் கருத்திரும். பழுத்தது மிஞ்சுனா அப்ப ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், காயா இருக்கும்போது வைக்காதீங்க, அப்புறம் அது பழுக்கவே பழுக்காது. பெட்டிய மல்லித்தழை இருக்குற பக்கம் வச்சிராதீங்க.